ஊரார் நகைத்த இருவர்

 

சென்ற ஷஅபான் மாதத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லித்தான் இம்மாதக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் மக்தபின் ஆண்டு விழாவில் மேடையேறிப் பேசும் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயது மாணவன் ஒருவன் தன் பெயரையும் கொடுத்திருந்தான். ஓதுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பேச்சென்று வந்துவிட்டால் திக்கும். ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்கள் மூடிக்கொள்ளும். பின்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான்கு ஊர் மக்கள் கூடுகின்ற விழாவில் இவன் இப்படி நின்றுவிட்டால் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டானே என்றெண்ணி, அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், அவன் பெயரின் மீது ஒரு கோடு இழுத்துவிட்டேன். கருணையாகத்தான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவன் மதரஸாவுக்கு வரவில்லை. மூன்று வாரங்கள் கழித்து அவனுடைய தந்தை வந்தார். இரவுப் பணி முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி, சீருடையோடு நேரே வந்திருந்தார். "ஹஜ்ரத், பையனை இந்த ஆண்டோடு பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமென்று இருக்கிறேன். மச்சான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே வாயால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அவனுக்கும் அதுதான் விருப்பமாம்" என்றார். பட்டறைத் தொழில் மேலான தொழில்தான். நபிமார்கள் கைத்தொழில் செய்தவர்கள். ஆனால் கணக்கில் எப்போதும் முதல் வரிசையில் நிற்கின்ற பிள்ளை, பேச வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்கிறான் என்றால், அந்த முடிவில் என்னுடைய பேனாக் கோட்டுக்கும் ஒரு பங்குண்டு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

"பாய், முடிவை ரமலான் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். வியாழக்கிழமை மாலை மட்டும் அவனை அனுப்புங்கள். பாடமில்லை, கதை சொல்லப்போகிறேன்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னைச் சற்று விசித்திரமாகப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

என்ன கதை சொல்வது? கல்லூரியில் கலைப்பிரிவில் படித்த நாட்களில் ஆங்கில வழியே நான் படித்த ஒரு வங்காளக் கதை நினைவுக்கு வந்தது. 'கூபி காயின் பாகா பாயின்' என்பது அதன் பெயர். கூபி என்னும் பாட்டுக்காரன், பாகா என்னும் மேளக்காரன் என்று பொருள் கொள்ளலாம். இதனை எழுதியவர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலை வல்லுநர். 1913 ஆம் ஆண்டில் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் மாத இதழைக் கல்கத்தாவில் தொடங்கினார். சந்தேஷ் என்றால் வங்காளத்தில் செய்தி என்றும் பொருள், பால் இனிப்பு ஒன்றின் பெயரும் அதுவே. அவ்விதழில்தான் 1915 இல் இக்கதை வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் அவர் காலமானார். அவருடைய பேரர்தான் உலகறிந்த திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய். சிறுவனாயிருந்த தம் மகன், பிள்ளைகள் பார்க்கத்தக்க ஒரு படம் எடுக்கக்கூடாதா என்று கேட்டதன் பேரில், பாட்டனாரின் கதையை 1969 இல் படமாக்கினார். வங்கத்தில் மாதக்கணக்கில் ஓடிய படம் அது. சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது.

கதை இதுதான். கூபி ஒரு மளிகைக்காரரின் மகன். மூலக்கதையில் அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அந்த ஒன்றையும் கேட்கச் சகிக்காது. பாகா மேளம் அடித்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். இருவரும் அவரவர் ஊரிலிருந்து துரத்தப்படுகிறார்கள். படத்தில் கூபியை ஊர்ப் பெரியவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றுவார்கள். "உன் குரலுக்கு அரசரே மயங்குவார், அதிகாலையில் அரண்மனைக்குக் கீழே போய்ப் பாடு" என்று தூண்டிவிடுவார்கள். அவனும் நம்பிப் பாடுவான். தூக்கம் கலைந்த அரசர் தம்பூராவை உடைத்து, அவனைக் கழுதை மீதேற்றி ஊரைவிட்டு அனுப்பிவிடுவார். சிரித்துக்கொண்டே வழியனுப்பும் அந்தப் பெரியவர்களின் முகங்களைப் பார்க்கும்போது, நம் தெருத் திண்ணைகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

காட்டில் கூபி பாகாவைக் காண்கிறான். இலையிலிருந்து நீர்த்துளி சொட்டிச் சொட்டி மேளத்தின் மீது விழுந்து ஓசை எழுப்புகிறது. பக்கத்தில் ஒருவன் அமர்ந்திருக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கையில் ஒரு புலி வருகிறது. இருவரும் மூச்சடைத்து நிற்கிறார்கள். புலி தன் வழியே போய்விடுகிறது. உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் ஒருவன் பாடுகிறான், மற்றவன் அடிக்கிறான், குதித்துக் கூத்தாடுகிறார்கள். பாட்டு அப்போதும் அபஸ்வரம்தான். மேளம் அப்போதும் தாளம் தப்பித்தான் போகிறது. அந்த ஓசையைக் கேட்டுத்தான் பேய்களின் அரசன் வந்து சேர்கிறான். கேட்டு மகிழ்ந்து மூன்று வரங்கள் தருகிறான். நினைத்த உணவும் உடையும் கிடைக்கும். செருப்பணிந்து நினைத்த ஊருக்குப் பறக்கலாம். இவர்கள் பாடி வாசித்தால் கேட்டவர் அசையாமல் நின்றுவிடுவார்.

இவ்விடத்தில் நான் சற்று நிறுத்துகிறேன். "ஹஜ்ரத் பேய்க்கதை எழுதுகிறார், இசைக்கு வக்காலத்து வாங்குகிறார்" என்று ஆசிரியருக்கு மடல் வரைய எழுதுகோல் எடுத்திருக்கும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இசை குறித்த மார்க்கத் தீர்ப்பைப் பேச இந்தப் பக்கம் இடமன்று. ஜின்னும் பூதமும் பறக்கும் கம்பளமும் நிறைந்த ஆயிரத்தோர் இரவுக் கதைகளை நம் பாட்டிமார்கள் எத்தனை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள்! கதை கதைதான் என்பதை நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

வரம் கிடைத்த பிறகு அவர்கள் மேதைகளாகிவிட்டார்களே, பிறகென்ன கோணல் என்று வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. எனக்கும் நெடுநாள் அந்த ஐயம் இருந்தது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அவர்கள் திருந்திய பிறகு அந்த அரசன் வரவில்லை. ஊர் துரத்திய அதே பாட்டை, அதே மேளத்தை, ஒளிக்காமல், வெட்கமில்லாமல், நடுக்காட்டில் உரக்க எழுப்பியபோதுதான் வந்தான். இன்னொன்றும் உண்டு. படத்தில் உணவு வேண்டுமானாலும் பறக்க வேண்டுமானாலும் இருவரும் கையோடு கை தட்டிக்கொள்ள வேண்டும். ஒருவன் தனியே தட்டினால் ஒன்றும் நடக்காது. ஊர் ஒதுக்கிய இருவரில் எவனும் மற்றவனை உதறிவிட்டு மட்டும் பெரிய மனிதனாகிவிட முடியாதபடி அந்த வரம் கட்டப்பட்டிருக்கிறது.

பிறகு அவர்கள் ஷுண்டி என்னும் நாட்டுக்குப் போகிறார்கள். அந்நாட்டு மக்கள் பேச்சிழந்தவர்கள். பேசாத மக்களின் நாட்டில், பாடத் தெரியாதவன் என்று விரட்டப்பட்டவன் விருந்தாளியாகிறான். அண்டை நாடான ஹல்லா படையெடுத்து வருகிறது. ஹல்லாவின் படைவீரர்கள் பட்டினியால் வாடுகிறவர்கள். கூபியும் பாகாவும் பாடி அவர்களை நிறுத்துகிறார்கள்; வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன; வீரர்கள் வாளையும் வேலையும் எறிந்துவிட்டுப் பானைகளை நோக்கி ஓடுகிறார்கள். ஒரு துளி இரத்தமின்றிப் போர் முடிகிறது. ஷுண்டி மக்களுக்கும் பேச்சு மீள்கிறது. மக்கள் வாய்திறந்து பேசத் தொடங்கும் கட்டத்தை நான் சொன்னபோது, அந்தப் பிள்ளை தூணோரம் அமர்ந்திருந்தவன், முதன்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தான். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

குருபரப்பள்ளியை அறியாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு புறம் மாந்தோப்பு, மறுபுறம் தொழிற்சாலை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தக்னி உருது பேசுகிறார்கள். பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். தோட்டத்தில் தெலுங்கு கேட்கிறார்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கன்னடம். கம்பெனி வாசலில் வடமாநிலத் தொழிலாளிகளோடு இந்தி. மதரஸாவில் அரபு. இத்தனை மொழிக்கு நடுவில் எவன்தான் தடுக்காமல் பேசுகிறான்? எங்கள் உருதைக் கேட்டு லக்னோவிலிருந்து வந்த ஒரு மௌலவி புன்னகைத்தார்; எங்கள் தமிழைக் கேட்டுக் கீழக்கரை நண்பர் புன்னகைக்கிறார். நானும் மேடையில் பேசும்போது 'ழ'கரம் வருமிடத்தில் சற்று வேகமாகக் கடந்துவிடுவேன். இருபதாண்டுகளாக எவரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். மாணவர்கள் எல்லாருக்கும் தெரியுமாம்!

இப்படி எழுத்தை ஒளிப்பதில் சக்கரவர்த்தி ஒருவர் இருந்தார். ஹிஜ்ரி 131 இல் மறைந்த வாஸில் இப்னு அதா. முஃதஸிலாக்களின் தலைவர், அவருடைய கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை, அது வேறு. அவருக்கு 'ரா' என்னும் அரபு எழுத்து நாவில் வராது. ஆகவே அவ்வெழுத்தே இல்லாத சொற்களை மட்டும் தேர்ந்து, ஆளுநரின் அவையில் நின்ற நிலையில் நீண்ட உரையாற்றினார் என்று இலக்கிய நூல்கள் போற்றுகின்றன. இதை எழுதிவைத்தவர்களுள் ஒருவர் ஜாஹிழ். பிதுங்கிய விழியுடையவர் என்பதே அப்பெயரின் பொருள். ஊர் வைத்த அந்தப் பெயராலேயே அரபு உரைநடையின் பேராசான் இன்றளவும் அறியப்படுகிறார். வாஸிலின் திறமையை நானும் வியக்கிறேன். ஆனால் வியப்பு அடங்கிய பின் வேறொரு எண்ணம் எழுகிறது. நாளெல்லாம், பேசும் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும், அடுத்த சொல்லில் அந்த எழுத்து இருக்கிறதா என்று வேவு பார்த்துக்கொண்டே வாழ்ந்த அம்மனிதருக்கு எவ்வளவு களைப்பாக இருந்திருக்கும்!

எங்கள் மாணவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான் என்பது பிறகே விளங்கியது. கடையில் தனக்கு வேண்டியதைக் கேட்காமல், வாயில் எளிதாக வரும் பொருளை வாங்கிவருவான். வகுப்பில் விடை தெரிந்தும் "தெரியாது" என்பான், ஏனெனில் அந்தச் சொல் அவனுக்குத் தடுக்காது. எந்தச் சொல்லுக்கும் மாற்றுச் சொல் உண்டு. தன் பெயருக்கு மட்டும் மாற்று இல்லை. ஆகவே புதியவர் யாராவது பெயரைக் கேட்டால் தம்பியை முன்னே தள்ளிவிட்டு நழுவிவிடுவான். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் திக்கல் உண்டென்றும், ஆண்களிடையே அது மிகுதி என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அச்சமோ, பெற்றோரின் வளர்ப்போ அதற்கு மூலகாரணம் அன்று. ஆனால் அதை மறைக்க வேண்டுமென்ற பதற்றம் அதனை மேலும் இறுக்குகிறது. "மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்துவிடு" என்று நாம் சொல்கிற அறிவுரையும் அவன் வாக்கியத்தை நாமே முடித்துவைப்பதும் உதவியல்ல. இரண்டையும் நான் பல்லாண்டுகள் செய்திருக்கிறேன்.

இதே பொருளில் இக்காலக் கதை ஒன்றும் உண்டு. பெங்களூரில் பயிலும் என் தங்கை மகள், "மாமூ, நீங்கள் அவசியம் படிக்க வேண்டும்" என்று ஒரு படக்கதைத் தொகுப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 2014 இல் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' வரிசை அது. நாயகி கமலா கான், பதினாறு வயது. நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன் என்னும், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி; கெய்ரோவில் வாழ்ந்தவர். உருவாக்கத்தில் பங்குகொண்ட பதிப்பாசிரியர் சனா அமானத் நியூஜெர்சியில் வளர்ந்த பாகிஸ்தானியக் குடும்பத்து மகள். ஓவியர் அட்ரியன் அல்போனா. முதல் தொகுப்பு 2015 இல் ஹியூகோ விருது பெற்றது.

நம் செவிக்குக் கமலா என்றால் தாமரை. அப்பெண்ணின் தந்தையோ 'கமால்', அதாவது நிறைவு, என்ற அரபுச் சொல்லை நினைத்துப் பெயரிட்டவர். ஆனால் அவள் தன்னை நிறைவாக எண்ணவில்லை. பள்ளி உணவறையில் மற்றவர் உண்பதை இவள் உண்ணமுடியாது. மற்றவர் போகும் விருந்துக்கு இவள் போகக்கூடாது. ஓரிரவு பெற்றோரை ஏமாற்றிவிட்டு அவ்விருந்துக்குப் போகிறாள். (இதை நான் ஒப்பவில்லை, ஆசிரியையும் ஒப்பியதாகத் தெரியவில்லை. அங்கே போய்த் தோழர்களின் ஏளனத்தைத்தான் பெற்றுக்கொள்கிறாள்.) வழியில் ஒரு மாய மூடுபனி சூழ, உருமாறும் ஆற்றல் அவளுக்கு வருகிறது. வந்ததும் முதல் வேலையாக அவள் எடுத்துக்கொள்ளும் உருவம் எது தெரியுமா? பொன்னிறக் கூந்தலும் வெள்ளைத் தோலும் கொண்ட ஒரு புகழ்பெற்ற வீராங்கனையின் உருவம்! எடுத்த பிறகு காலணி கடிக்கிறது, கூந்தல் கண்ணை மறைக்கிறது, உடை கூச்சமாயிருக்கிறது. அந்த வேற்றுருவில் இருக்கும்போது உடலில் குண்டு பாய்கிறது. சொந்த உருவத்துக்குத் திரும்பியபோதுதான் காயம் ஆறுகிறது. பிறகு தாயார் நீச்சலுக்கென்று வாங்கித்தந்த, உடலை மறைக்கும் ஆடையை வெட்டித் தைத்துத் தன் சீருடையாக்கிக்கொள்கிறாள்.

அவளுடைய ஆற்றல்கூட அழகானதன்று. கை பூதாகரமாக வீங்கும், கால் கொக்கின் காலாக நீளும். வளர்பருவத்துப் பிள்ளைகள் தம் கைகால்களை எங்கே வைப்பதென்று அறியாமல் திண்டாடுவதையே ஆசிரியை அதிசயமாக மாற்றிவிட்டார். 2022 இல் இதனைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் அந்த வீங்கிய கையை நீக்கிவிட்டு, வளையலிலிருந்து பிறக்கும் ஒளியை வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கதையின் உயிரே அந்த அசிங்கமான பெரிய கைதான் என்பது என் கருத்து.

அத்தொகுப்புகளில் என்னைச் சுட்ட இடம் வேறொன்று. இரவில் வெளியே போவதைக் கண்டித்துத் திருத்தும்படி பெற்றோர் அவளைப் பள்ளிவாசலின் ஷேக் அப்துல்லாஹ்விடம் அனுப்புகிறார்கள். வசைமாரி பொழியுமென்று அவள் நடுங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். அவரோ அவளுடைய இரகசியத்தைத் துருவவில்லை. செய்யத்தான் போகிறாயென்றால் அதற்குரிய துணிவோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் செய், உனக்கு ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள் என்ற கருத்தில் பேசி அனுப்புகிறார். அமெரிக்கப் படக்கதையில் ஓர் ஆலிம் இப்படி வரைந்து காட்டப்படுவது அரிது. மகிழ்ச்சியோடு படித்தேன். படித்து முடித்ததும் என் பட்டியலும் அந்தக் கோடும் கண்முன் வந்தன. அவர் ஒரு கேள்வியும் துருவாமல் வழிவிட்டார். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் வழியை அடைத்தேன்.

கூபி–பாகா கதையை முடித்த வியாழனன்று, பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த இன்னொரு வரலாற்றை நினைவூட்டினேன். மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனை இறைஞ்சியது தாஹா சூராவில் இருக்கிறது. தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூனைத் துணையாக அனுப்பும்படி வேண்டியது கஸஸ் சூராவில். தெளிவாகப் பேசக்கூடத் தெரியாதவர் என்று ஃபிர்அவ்ன் இகழ்ந்தது ஸுக்ருஃபில். தெளிவாகப் பேசுகிறவரே ஹாரூன் (அலை) என்றிருந்தும், முதலில் அழைக்கப்பட்டவர் மூஸா (அலை) அல்லவா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டேன். எல்லாரும் எழுந்து போனார்கள். அந்தப் பிள்ளை மட்டும் பாய்களைச் சுருட்டும் சாக்கில் நின்றான்.

"ஹஜ்ரத், என் பே... பே... பெயரை ஏன் அ... அடித்தீர்கள்?"

கேட்டு முடிக்க அவனுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நான் குறுக்கிடவில்லை. "நீ நின்றுவிடுவாய் என்று பயந்தேன், பேட்டா. பயந்தது நீயல்ல, நான்" என்றேன். மன்னிக்கும்படியும் கேட்டேன். அவன் பாய்களை அடுக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான்.

தந்தையிடம் மீண்டும் பேசினேன். பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். அதற்கு மேல் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. இவ்வாண்டு விழாப் பட்டியலில் ஒரு தலைப்புக்கு இரண்டு பெயர்களை எழுதியிருக்கிறேன். ஒருவன் இவன். மற்றவன், சென்ற ஆண்டு பின்வரிசையில் உரக்கச் சிரித்தவன். அவனே வந்து கேட்டான்.

நேற்று மஃரிபுக்குப் பின் இருவரும் ஒத்திகைக்கு வந்தார்கள். ஸலாம் சொல்லித் தொடங்கி, மூன்றாம் வாக்கியத்தில் இவன் நின்றான். கண்கள் மூடிக்கொண்டன. நெடுஞ்சாலையில் கம்பெனிப் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று. மற்றவன் அந்தச் சொல்லை அறிவான், உதடுகூட அசைந்தது. ஆனால் சொல்லவில்லை. தன் தாளை மடித்துக்கொண்டு, இவன் முகத்தைப் பார்த்தபடி, சொல் வரும்வரை நின்றுகொண்டிருந்தான்.